வலது பக்கத்து நம்பர்

“வேண்டாம்மா. இருக்கிறபடியே இருந்துட்டுப் போகட்டும்.”

பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். கை பாட்டுக்கு அரத்தால் ஒரு சாவியின் பல்லை ராவிக்கொண்டிருந்தது.

வெப்சைட் பண்ணுகிற பெண் விடுவதாக இல்லை. இதோடு மூன்றாவது தடவை வந்துவிட்டாள். கடை கடையாக ஏறி இறங்குகிற அலுப்பு முகத்தில் அப்பிக் கிடந்தது. தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“நீங்களே பாருங்க சார். உங்க வெப்சைட் போனுக்குள்ள அடங்கவே இல்ல. இடது பாதிதான் தெரியுது. வலது பக்கம் இருக்கிற உங்க நம்பர் வேணும்னா விரலால இழுத்து இழுத்துத் தேடணும். சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நிக்கிறவங்க தேடுவாங்களா?”

“தேட மாட்டாங்க.”

“அவங்க கையில கம்ப்யூட்டரும் இருக்காது. போன்தான் இருக்கும்.”

“ஆமா, போன்தான் இருக்கும்.”

எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு அவர் மறுபடி ராவ ஆரம்பித்தார்.

பின்னால் சாவிக்கொத்துகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு ஆள் கடைப்படி ஏறவில்லை. தூசி தட்டித் தட்டி அவளுக்குத் தோள்பட்டைதான் கழன்றது.

“அந்த இடது பக்கம் யாரு நம்பர்னு கேளும்மா. இவரோட அண்ணன் நம்பர்! ரெண்டு பேரும் ஒண்ணா தொழில் பண்ணப்ப போட்ட வெப்சைட் அது. அப்புறம் சண்டை வந்துச்சு. கடையைப் பிரிச்சாங்க, மெஷினைப் பிரிச்சாங்க, பேச்சுவார்த்தையும் நின்னு போச்சு. இது ஒண்ணைத்தான் பிரிக்காம விட்டுட்டாங்க. போன்ல பாக்கிறவன் எல்லாம் அண்ணனைக் கூப்பிடுறான். தம்பி இங்க ஈ ஓட்டுறார்.”

“கத்தாதே.”

“கத்தாம? முந்தாநாள் எதிர் மாடியில ஒருத்தர் கதவு பூட்டிக்கிட்டு வெளிய மாட்டிக்கிட்டார். நம்ம போர்டு அவர் கண்ணு முன்னாடி தொங்குது. அவர் குனிஞ்சு போனைப் பாத்தார். உங்க அண்ணன் அந்தக் கோடியில இருந்து வண்டியில வந்து, நம்ம வாசல்லயே நிறுத்திட்டு, மேல போய்த் திறந்து குடுத்துட்டுப் போறார். நாம கன்னத்துல கை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கிறோம். இந்தப் பக்கம் தலையைத் திருப்பினாரா அந்தப் பெரிய மனுஷன்?”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கொஞ்ச நேர வேலைதான் அக்கா. ரெண்டு நம்பரும் போன்லயே ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்துடும்.”

“யாரு நம்பர் மேல?”

“உங்களோடதுதான். செலவு எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு மட்டும் வேணும். சார்கிட்டதான் இருக்காம்.”

“பாத்தீங்களா! சும்மா பண்ணித் தர்றாளாம். சும்மா வர்றதைக்கூட வேண்டாம்கிற மனுஷனை நான் எங்கயும் பாத்ததில்ல.” அவள் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நீ ஆரம்பி. இவரைக் கேட்டுக்கிட்டு இருந்தா விடிஞ்ச மாதிரிதான்.”

பெண் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

அரம் நின்றது.

“அண்ணி படுத்த படுக்கையா இருக்காங்க,” என்றார் பூட்டுக்காரர்.

மனைவி கையிலிருந்த சாவிக்கொத்தை அப்படியே வைத்தாள். “எப்போ இருந்து?”

“மழைக்கு முன்னாடி இருந்து. கடைக்குச் சாமான் போட வர்ற ஆள் சொன்னான். அவங்களைத் தனியா விட்டுட்டு அண்ணன் எப்படி நாள் முழுக்கக் கடையில உக்காருவார்? கடையை மூடிட்டார். போன் அடிச்சா ஓடி வந்து திறந்து குடுத்துட்டு வீட்டுக்கு ஓடுறார். அந்தப் போன்தான் இப்போ அவருக்குக் கடை.”

“நேராப் போய் ஏதாவது குடுத்துட்டு வந்திருக்கலாமே.” அவள் குரல் இறங்கிவிட்டது.

“போனேன். ஜன்னல் வழியாப் பாத்தார். கதவைத் திறக்கல.” அவர் கையிலிருந்த சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பூட்டுகூடப் போடல. சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறேன், அதை என்னால திறக்க முடியல.”

அவர் சாவியையும் அரத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“நமக்கு ஆபீஸ்காரங்க இருக்காங்க. அவங்க கம்ப்யூட்டர்ல பாக்கிறாங்க, அதுல ரெண்டு நம்பரும் தெரியுது. இழுத்துப் பிடிச்சா ஓட்டிடலாம். போன்ல வர்றது அண்ணனுக்கே போகட்டும்.”

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தொலைத்தது.

“நீ கிளம்பும்மா,” என்றாள் மெதுவாக. “தப்பா நினைச்சுக்காதே. உனக்கு வேற கடையா கிடைக்காது?”

பெண் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எப்படிப் போறது அக்கா? இந்த வேலைக்குக் காசு வாங்கிட்டேனே.”

“யாருகிட்ட?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தார்... ‘எல்லா போனும் எனக்கே வருது, தம்பி நம்பர் யாரு கண்ணுக்கும் படல. அவனோடதை மேல போடு, என்னோடதைக் கீழ தள்ளு. அவன் கடையைத் தாண்டுறப்ப அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே முடியலம்மா எனக்கு’ன்னார்.”