மூன்று குழி ரொட்டி

"இது மாவா, சுவர் பூசுற சுண்ணாம்பா?"

மாமியார் ருக்கையா விரலால் குத்திப் பார்த்துக் கேட்டாள். மருமகள் பஹீஜா தான் பிசைந்த மாவை இன்னும் ஓங்கிக் குத்தினாள்.

ருக்கையாவின் நாத்தனார் துரியா இன்று மெக்னெஸ் நகரத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். புது மருமகளின் ரொட்டியைத் தின்று பார்க்கத்தான் வருகிறாள். அவள் வாயில் விழுந்தால் ஊரெல்லாம் நாறிவிடும்.

"உன் மாவு வேற, என் மாவு வேற. உன் ரொட்டியில மூணு குழி அழுத்து. என்னுதுல முள்கரண்டிக் கோடு. அப்பத்தான் எது யாரு கைன்னு தெரியும்," என்றாள் ருக்கையா.

அழுத்திவிட்டு, பஹீஜா முக்காடு எடுக்க உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் ருக்கையா எல்லா ரொட்டியையும் பலகையில் அடுக்கித் துணி போட்டு மூடியிருந்தாள்.

"நேரா தெருப் பொது அடுப்புக்குப் போய்ச் சுட்டு வாங்கிட்டு வா. வழியில யார்கிட்டயும் வாயடிக்காத."

பஹீஜா வாயடிக்கவில்லை. தெருக்குழாயடியில் பலகையை இறக்கி, இடுப்பில் ஒளித்து வைத்திருந்த முள்கரண்டியை எடுத்தாள். ஈரக் கையால் அடையாளங்களைத் தடவி அழித்தாள். குழி இருந்த ரொட்டிக்குக் கோடு, கோடு இருந்ததற்குக் குழி.

குழி போட்டிருந்த மாவு பஞ்சாக இருந்தது. பரவாயில்லையே, நமக்குக் கை தேறிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் எடுத்த வேலையை விடவில்லை. மாமியார் மூக்கு உடைவதை ஒருநாளாவது பார்க்க வேண்டாமா?

மதியம் எல்லோரும் கறிச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோடு யாருடையது, குழி யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, துரியா முதலில் கோடு போட்ட ரொட்டியைப் பிய்த்தாள்.

"ருக்கையா, உன் கைக்கு வயசே ஆகலை போ."

பஹீஜாவுக்குத் திக்கென்றது.

அடுத்து மூன்று குழி. துரியா கடித்தாள். கடைவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மருமகளே, இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்."

வீடே சிரித்தது. பஹீஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ருக்கையா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் எடுக்கும் சாக்கில் மருமகளை அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ முக்காடு எடுக்கப் போனப்ப எல்லா அடையாளத்தையும் நான்தான்டி மாத்தி வெச்சேன். அவ முன்னாடி நீ தலை குனியக்கூடாதுன்னு. ஏச்சை நான் வாங்கிக்கிட்டுப் போறேன், எனக்கென்ன? நடுவுல எந்தப் படுபாவி மறுபடி மாத்தினான்?"

பஹீஜாவின் கை இடுப்புக்குப் போனது.

"அந்த அடுப்புக்காரன்தான். வா, இப்பவே போய் அவன் தாடியப் பிடிச்சுக் கேக்கலாம்."

"தாடிய விடுங்க மாமி," என்று இடுப்பிலிருந்த முள்கரண்டியை எடுத்து நீட்டினாள் பஹீஜா.