வால் கோணிய விமானம்

அசீம் லுஹர் தொழுகைக்குத் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், மனைவி முஸ்கான் அவனுடைய விமானத்தின் வாலைப் பிய்த்து எடுத்தாள்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் பறந்த ‘நாட்’ என்கிற சின்னப் போர் விமானம். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் மாடல், துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், பொறுமையாக ஒட்ட வேண்டும். விரலுக்கு வேலை கொடுக்கும்படி டாக்டர் சொன்னார் என்று அசீமேதான் ஆன்லைனில் வரவழைத்தான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். பக்கவாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. கடையை வேறு ஆளுக்கு விடுவது பற்றிப் பேச இன்றைக்கு அவன் அண்ணன் மஹபூப் பாஷா வருகிறார். இந்த நேரம் பார்த்து வால் கோணிக்கொண்டு நின்றால் மனுஷன் நொறுங்கிப்போவான்.

தினமும் இதே திருட்டு வேலைதான். அவன் கோணலாக ஒட்டுவான், தொழுதுவிட்டு வருவதற்குள் இவள் பிரித்து நேராக ஒட்டிவைப்பாள். "பாத்தியா, நேரா நிக்குது!" என்று அவன் சிரிக்கும்போதெல்லாம், ஏமாற்றுகிறோமே என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செல்போன் பிரிக்கும்போது அசீம் தலையில் மாட்டுகிற லென்ஸை எடுத்து மாட்டினாள். முதலில் மூக்குவரை வழுக்கிய பட்டை இப்போதெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. ட்வீசரால் வாலைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாள். அப்பாடா, நின்றது!

பசை காயவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அசீமோடு அண்ணனும் பள்ளிவாசலிலிருந்தே வந்துவிட்டார்.

"கடைய எடுத்துக்க பார்ட்டி ரெடியா கீதுடா. எவ்ளோ நாளு ஷட்டர சாத்திக்கினு குந்திக்கினு இருப்பே?"

முஸ்கானுக்குப் பகீரென்றது. விமானத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இத பாருங்க பாய், அவரு ஒட்டனது. கை தேறிக்கினு வருது. கொஞ்ச நாளு பொறுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

பாஷா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துக்கும் ஒரு கோணல் இல்லை.

"மெய்யாலுமே நீ ஒட்டனதாடா?"

அசீம் நடுங்குகிற கையைச் சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவி, கடைச் சாவியை வெளியே எடுத்தான். அவ்வளவுதான், கொடுத்துவிடப் போகிறான்! முஸ்கான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவியை அவன் முஸ்கான் கையில் வைத்தான்.

"நாளிக்குக் கடைய நீ தொற. நான் பக்கத்துல குந்திக்கினு சொல்றேன், நீ வேலைய செய்யி."

"நானா? இன்னாங்க இது, எனக்கு இன்னா தெரியும்?"

"லென்ஸு பட்டைய உன் தலைக்கு இறுக்கி வெச்சதே நான்தான். உன் கை பழகத்தான் முஸ்கான் இந்த விமானத்த வாங்கினேன்."