மனைவி பெயரை மாற்றக் கோரி

"அன்னக்கிளின்னு இருக்கறதை எடுத்துட்டு, கனகலட்சுமின்னு போடணும் சார்."

டைப்ரைட்டரில் காகிதம் செருகிக்கொண்டிருந்த முனிரத்தினத்தின் கை நின்றது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வயசிருக்கும். கம்பெனி அட்டையைச் சேலை மடிப்புக்குள் செருகியிருந்தாள். சேலையில் சாம்பார் வாசனை. தலை நிறையப் பூ வேறு.

வந்துட்டா ரெண்டாம் தாரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

முனிரத்தினம் பட்டாளத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒரு எஸ்.டி.டி. பூத்தில் பாதி இடத்தை வாடகைக்குப் பிடித்து மெஷின் போட்டிருந்தார். சர்வீஸ் ரெக்கார்டில் பேர் தப்பு, பிறந்த தேதி தப்பு என்று, சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் செக்யூரிட்டியாக நிற்கிற பழைய சிப்பாய்களெல்லாம் அவரிடம்தான் மனு எழுத வருவார்கள். வந்த எவரையும் அவர் மதித்ததில்லை. "சொந்தப் பேரையே ஒழுங்கா எழுதிக் குடுக்கத் தெரியாத நீயா எல்லையைக் காப்பாத்தினே?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் வரியை அடிப்பார்.

பெண்டாட்டி பேரை மாற்ற வருகிறவர்களிடம் அந்த இளக்காரம் இன்னும் ஒரு படி ஏறும்.

"சர்வீஸ்மேன் யாரு?"

"நடேசன். பட்டாளத்துல நாயக்கா இருந்தவரு. படப்பையில கீறாரு. பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. கையெழுத்து மட்டும் எப்படியோ போடுவாரு. நீ அடிச்சுக் குடுத்தா நான் வாங்கினு வந்துடறேன்."

படுக்கையில் விழுந்த பிறகும் ஆளுக்கு ஆசை விடவில்லை என்று நினைத்துக்கொண்டார் முனிரத்தினம்.

"அன்னக்கிளி செத்துட்டாளா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி இன்னொருத்தி பேரைப் போடுவாங்க? ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கறவன்லாம் முட்டாளா?"

அவள் மஞ்சள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். ஒன்று விவாகரத்துத் தீர்ப்பின் நகல். இன்னொன்று நடேசனும் கனகலட்சுமியும் செய்துகொண்ட கல்யாணத்தின் பதிவுச் சான்று.

"பக்காவாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "விவாகரத்து கேட்டு அவளா கேஸ் போட்டாளா, போட வெச்சீங்களா?"

"தானாப் போட்டதுதான்."

"போடற அளவுக்குக் கொடுமைப்படுத்தியிருப்பீங்க. இப்ப ஆளு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறான். ரெக்கார்டுல பழைய பேரு இருந்தா குடும்ப பென்ஷன் வாங்க அலையணும். அதான் பூ வெச்சுக்கிட்டு ஓடியாந்துட்டே."

அவள் இரண்டு தாள்களையும் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பொம்பளை சோத்துக்கு என்ன பண்றான்னு என்னிக்காவது நெனைச்சுப் பாத்தியா?"

"ஒரகடத்துல கேன்டீன் வேலை. நல்லாத்தான் போவுது சார்."

"புருஷனைப் பறிகொடுத்துட்டு எச்சில் தட்டு கழுவறா. அது உனக்கு நல்லாப் போவுது!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். குத்துகிற மனசாட்சி என்று முனிரத்தினம் எடுத்துக்கொண்டார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மெஷின் படபடத்தது. பாதியில் அவள் எட்டிப் பார்த்தாள். "பேருல ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்களாமே. கொஞ்சம் பாத்துப் போடு சார்."

"இங்கிலீஷ் படிப்பியா நீ?"

"தெரியாது சார்."

"அப்ப சும்மா உக்காரு."

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கனகலட்சுமி என்று அடிக்க வேண்டிய இடத்தில் நிதானமாகக் கனகவல்லி என்று அடித்தார். சான்றிதழில் ஒரு பேர், மனுவில் ஒரு பேர். ரெக்கார்ட் ஆபீஸ் அப்படியே திருப்பி அனுப்பும். மறுபடி எழுதி, மறுபடி அனுப்பி, அது போய்ச் சேருவதற்குள் நடேசன் போய்ச் சேர்ந்துவிடுவான். இவள் ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலையட்டும். முகம் தெரியாத அந்த அன்னக்கிளிக்குத் தன்னால் முடிந்த உபகாரம்.

"ஜாயிண்ட் போட்டோ கொண்டாந்தியா? புருஷனும் பொண்டாட்டியும் சேந்து எடுத்தது. மனுவோட அனுப்பணும்" என்று கையை நீட்டினார்.

கொடுத்தாள். வாய் ஒரு பக்கம் கோணிப்போன ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், அவன் தோளைத் தாங்கிப் பிடித்தபடி, ஒல்லியாக, மிரண்ட முகத்தோடு ஒருத்தி நின்றாள். முனிரத்தினம் போட்டோவைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இதுல நீ இல்லையே. இது யாரு?"

"அதுதான் கனகலட்சுமி. அதுக்கு இந்த ஆபீஸ் வேலைல்லாம் தெரியாது சார்."

"அப்ப உனக்கென்ன இதுல?"

அவள் மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"அந்தாளு செத்தா, பொண்டாட்டின்னு எவனும் என் வூட்டுக் கதவைத் தட்டக் கூடாது சார். நான்தான் அன்னக்கிளி."