தொண்ணூற்றாறு மார்க்

"இன்னைக்கு மேல ஏற மாட்டேன் சார்."

கிரேன் ஓட்டும் நெட்டையன் இப்படிச் சொன்னதும் சேஃப்டி ஆபீசருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பின்னே வராதா? பதினெட்டு மாடிக் கட்டடம். நாலு டன் ஜெனரேட்டர் கீழே இரும்புக் கயிறு கட்டித் தயாராக இருக்கிறது. அதைத் தூக்கி மொட்டை மாடியில் உட்கார வைக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து இவன் மல்லுக்கு நிற்கிறான்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். ராத்திரி தூங்கலை."

ஆபீசர் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு மாதமாகத்தான் இந்த ஏற்பாடு. கிரேன் ஓட்டுகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். தூங்கின லட்சணத்துக்கு அது காலையில் மார்க் போடும். எழுபதுக்குக் கீழே போனால் அன்று கிரேன் பக்கமே போகக்கூடாது. தலைமை ஆபீஸில் வாதாடி இதைக் கொண்டுவந்ததே இவர்தான். அதனால் பட்டையை யாராவது குறை சொன்னால், தன்னையே சொன்ன மாதிரி அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"உன் மார்க் என்ன தெரியுமா? தொண்ணூத்தாறு! எட்டு மணி நேரம் ஆழ்ந்த தூக்கம்னு போட்டிருக்கு. இந்த சைட்லயே நீதான்யா ஃபர்ஸ்ட்."

"அது என்ன வேணா சொல்லட்டும் சார். நான் பொட்டுக் கண்ணு மூடலை. வீட்ல ஒரு..."

"வீட்டுக் கதையெல்லாம் இங்க வேண்டாம். ஆளாளுக்கு ஒரு கதை வெச்சிருக்கீங்க. அதுக்குத்தானே மெஷினையே கொண்டுவந்தேன்!"

நெட்டையன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற இன்னொரு கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். ஆள் குட்டையாக, கட்டுமஸ்தாக இருப்பார். எல்லோருக்கும் அவர் 'உருளை'.

"அவனை விடுங்க சார், நான் ஏர்றேன். நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"உனக்கு நாப்பத்தொண்ணு."

"நான் தூக்கத்துல உருளுவேன் சார். கட்டில்லேருந்து கீழ விழுந்தாக்கூட முழிக்க மாட்டேன். என் வீட்டுக்காரி அடுத்த ரூமுக்குக் குடிபோய்ப் பத்து வருஷம் ஆச்சு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு கீழ, தொண்ணூத்தாறு மேல. பேச்சே கிடையாது."

"சார்," என்றான் நெட்டையன். "அங்க எட்டுப் பேர் கயிறு பிடிச்சு நிக்கிறாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். மேல போய் ஒரு நிமிஷம் எனக்குக் கண்ணு சொக்கிச்சுன்னா என்ன ஆகும்?"

"எட்டு மணி நேரம் தூங்கினவனுக்கு எப்படிய்யா சொக்கும்? உடம்பு வணங்கலைன்னு நேரா சொல்லேன். ஏறலைன்னா சஸ்பெண்டுதான். எழுதிடுவேன்."

"எழுதுங்க சார். ஏற மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். ஆபீசருக்கு அதுதான் இன்னும் எரிச்சல். கத்தினால் பதிலுக்குக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம்.

தாளில் இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தவர், அவன் கண்களைப் பார்த்தார். இரண்டும் ரத்தச் சிவப்பு. ஒரு கணம் மனசு உறுத்தியது. ஆனால் இவன் சொல்வது நிஜமென்றால் மெஷின் பொய். மெஷின் பொய்யென்றால் தலைமை ஆபீஸில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? தண்ணி போட்டுவிட்டுக் குப்புற விழுந்து தூங்கியிருப்பான், வேறென்ன என்று முடிவு கட்டினார்.

"இரு, உன் வீட்டுக்கே போன் போடுறேன். குட்டு வெளிப்படட்டும்."

"வேண்டாம் சார். பாவம், அவளே..."

அதற்குள் ரிஜிஸ்டரைப் பார்த்து நம்பரை அழுத்தியாயிற்று. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார். நெட்டையனின் மனைவிதான் எடுத்தாள்.

"சைட் ஆபீஸ்லேருந்து பேசறேன்மா. உங்க வீட்டுக்காரர் ராத்திரி நல்லாத் தூங்கினாரா?"

"தூங்கறதா? யார் சார் சொன்னது?"

"அவர் கையில இருக்கிற மெஷின் சொல்லுதும்மா. எட்டு மணி நேரமாம்."

"நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம் சார். பாப்பாவுக்கு நாலு நாளா காய்ச்சல். கையில ஊசி குத்தி மருந்து ஏத்துறாங்க. தூக்கத்துல கையை உதறி ரெண்டு தடவை ஊசியைப் பிடுங்கிட்டா. திரும்பத் திரும்பக் குத்தினா பிள்ளை தாங்குமா? லீவெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு காலையில இங்கேருந்தே நேரா வேலைக்குக் கிளம்பிட்டார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார், இன்னைக்கு மட்டும் அவரை மேல ஏத்தாதீங்க."

நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீசர் எழுதின தாளை மெல்லக் கசக்கினார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அப்போ... இந்தப் பட்டை ஏன்மா தொண்ணூத்தாறு காட்டுது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். அந்தப் பட்டை கட்டின கையாலதான் பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். விடியற வரைக்கும் இம்மிகூட அசைக்கலை."