வாட வேண்டிய பூக்கள்

பின்மதிய வெயில் சமையலறைச் சன்னல் வழியே சாய்ந்து, வரிசையாக நிற்கும் கூந்தல் தைலக் குப்பிகளின் மீது விழுகிறது. மாதந்தோறும் வாங்குவதாக வாக்களித்திருந்த அழகு நிலையத்துக்காரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். எண்ணெயின் அடியில் நீர் கலங்கலாய்த் தங்கியிருக்கிறது. மூடியைத் திருகியவுடன் புளித்த வாடை பரவுகிறது. "என்னக்கா இது, தலையில தேய்க்கவா, தாளிக்கவா?" தைலத்துக்காரி அடுத்த குப்பியைத் திறந்து முகர்கிறாள்; அதிலும் அதே வாடை. பூவில் துளி ஈரமும் கூடாது என்பதே பயிற்சி வகுப்பில் அவள் கற்ற முதற்பாடம். நிழலில் உலரப் பரப்பிய செம்பருத்தி இதழ்கள் நாள்தோறும் மெத்தென்றிருந்ததை மழைக்காற்றின் குற்றமென்றே எண்ணியிருந்தாள். பூக்கடை வைத்திருக்கும் கணவன் வாசற்படியிலிருந்து சொல்கிறான்: "வாடிக் கெடந்துச்சு, மனசு கேக்கல. கடைக்குப் போறப்பல்லாம் ரெண்டு கை தண்ணி தெளிச்சேன். நல்லதுதானே செஞ்சேன்?" "அது வாடணும்ங்க. வாடத்தான் போட்டேன்." "வாடின பூவ வச்சு ஒரு யாவாரம்! வெளங்கின மாதிரிதான்." அழகு நிலையத்துக்காரி குப்பியை ஓசையின்றி வைக்கிறாள். "நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன்க்கா." அவளுடைய செருப்பொலி தெருவில் தேய்கிறது. தைலத்துக்காரி குப்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்க்கிறாள். எண்ணெய் வழவழப்பாய் வழிந்து வடிகாலில் இறங்குகிறது. அவள் முதுகுக்குப் பின்னால், காலையில் புதிதாய் இதழ்கள் பரப்பிய தட்டைக் கடக்கும் கணவனின் கை, தன் வழக்கப்படி நீர்ச்செம்புக்குள் நுழைகிறது.