கத்தாத மாஸ்டர்

“புதுசா கத்துக்கறவங்களை ரேஸ் டிராக்ல விடுவீங்களா?” போனில் கேட்டாள் அவள்.

“அதுக்குன்னே ஞாயித்துக்கிழமை ஒதுக்கியிருக்கோம். பைக், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் இங்கேயே தருவோம்,” என்றாள் வரவேற்பாளினி.

“மாஸ்டர் கத்துவாரா? வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கப் பார்த்தேன். கிளட்சை விட்டதும் வண்டி ஆஃப் ஆயிடுச்சு. ‘உனக்கெல்லாம் எதுக்குடி பைக்?’னு தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்திட்டார்.”

“எங்க மாஸ்டர் அதிர்ந்துகூடப் பேச மாட்டார்.”

“அப்படியா? என்னைச் சேர்த்துக்குங்க,” என்றாள்.

சொன்னது உண்மைதான். ஞாயிறு காலை, கிளம்பும் இடத்திலேயே வண்டி இரண்டு முறை நின்றுபோனது. மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

“பதறாதீங்கம்மா. எல்லாருக்கும் இப்படித்தான். கிளட்சை மெதுவா விடுங்க.”

ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். வண்டி நகர்ந்தது. ஒரு சுற்றை முழுதாக முடித்து வந்து நின்றாள்.

“பிரமாதம். ஹெல்மெட்டைக் கழட்டிட்டுத் தண்ணி குடிங்கம்மா.”

கழற்றினாள். மாஸ்டர் நீட்டிய பாட்டில் அந்தரத்திலேயே நின்றது.

“நீயா?”

“காலையிலேர்ந்து ‘நீங்க’ன்னுதானே சொன்னீங்க,” என்றாள் அவருடைய மனைவி. “இந்த மாஸ்டர் வீட்டுக்கும் வருவாரா?”