மூணாவது ஜோடி

"ஏம்ப்பா, இது ரப்பரா இல்ல ரொட்டியா? மாட்டின மறுநாளே பிஞ்சு தொங்குது!"

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தலையைத் தூக்கினார். வந்துட்டார்யா! அதே பெரியவர். பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். கையில் ஒரு ஜோடி வைப்பர் பிளேடு. பின்னாலேயே, விரலை நீவிக்கொண்டு அவர் மனைவி.

"சார், போன தடவையும் சும்மாவே மாத்திக் கொடுத்தேனே."

"அதுவும் இதே கதிதான்! வைப்பர் சரியில்லாத வண்டியை நான் வாசல் தாண்டி எடுக்க மாட்டேன். வெயிலோ மழையோ, ரப்பரை விரலால தடவிப் பார்த்துட்டுதான் சாவியையே தொடுவேன். டிப்போவுல வந்த பழக்கம். உன் புண்ணியத்துல என் கார் மூலையில நிக்குது!"

பல்பு வாங்க வந்த ஒருவர், எடுத்த பெட்டியை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு நழுவினார்.

கடைக்காரர் அவர் போவதையே பார்த்தார். போலிச் சரக்கு விற்கிறான் என்று பேர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"உள்ளே வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன் சார்."

ஸ்டாக் ரூம் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். தானாகப் பிய்ந்த ரப்பர் நார் நாராக இருக்கும். இது நறுக்கென்று இருந்தது. ரெண்டு பிளேடிலும் நட்ட நடுவில், ஒரே மாதிரி.

அடப்பாவி மனுஷா! கத்திரிக்கோலால் தானே வெட்டிவிட்டு வந்து ஓசியில் புதுசு கறக்கிறாரா? இந்த வயசில் இந்தப் புத்தியா? இன்றைக்குக் கிழி கிழியென்று கிழித்துவிட வேண்டியதுதான்.

விறுவிறுவென்று திரும்பினால், கதவருகே அந்த அம்மா.

"தண்ணி கேக்குற சாக்குல வந்தேன் தம்பி. அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. வெட்டினது நான்தான்."

"நீங்களா! எதுக்கும்மா?"

"அவருக்குக் கண்ணு மங்கிடுச்சுப்பா. ஒத்துக்கவே மாட்டேங்கிறார். அன்னிக்கு மழையில, ரோட்டைக் கடந்த ஒரு குழந்தை மேல ஏத்தப் பார்த்தார். நான் போட்ட கூச்சல்ல பிரேக் அடிச்சார். 'வைப்பர் சரியில்லடி'ன்னார். மறுநாளே உங்ககிட்ட வந்து புதுசு வாங்கினார்."

கடைக்காரர் கையிலிருந்த பிளேடுகளைக் கீழே வைத்தார்.

"வாழ்நாள் பூரா ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன். உனக்குக் கண்ணு தெரியலன்னு எந்த வாயால சொல்லுவேன்? உடைஞ்சு போயிடுவார். அதான் புதுசு மாட்டின அன்னிக்கே வெட்டிடறேன். வைப்பர் போச்சுன்னா அவர் சாவியைத் தொட மாட்டாரே."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைக்காரர் புது ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். நிற்கட்டும்.

"தப்பு என் பேர்லதான் சார். இந்த லோடே மட்டம். மன்னிச்சுக்குங்க. இதுவும் எப்படி இருக்குமோ, சொல்ல முடியாது."

"அப்படி வா வழிக்கு!" பெரியவர் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ஏய், நீ போய் ஆட்டோவுல உக்காரு. நான் இவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

அந்த அம்மா தயங்கித் தயங்கிப் போனார். அவர் ஆட்டோவில் ஏறும் வரை பெரியவர் காது கொடுத்து நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கடைக்காரர் கையில் திணித்தார். குரல் தணிந்திருந்தது.

"முன்னாடி சும்மா கொடுத்ததுக்கும் சேர்த்து எடுத்துக்க. கத்தினதை மனசுல வச்சுக்காதப்பா. கத்தலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்."

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணுதாம்ப்பா போச்சு. பிஞ்ச ரப்பர் எது, வெட்டின ரப்பர் எதுன்னு விரலுக்குத் தெரியாதா? இனிமே என்னால ஓட்ட முடியாதுன்னு அவகிட்ட சொல்ல வாய் வரல. அவளுக்கும் சொல்ல மனசு வரல. இப்படியே ஓடட்டும்."

படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"இந்தப் பக்கம் நல்ல கத்திரிக்கோல் எங்க கிடைக்கும்? வீட்டுல இருக்கிறது நூல் வெட்டுற குட்டிக் கத்திரி. அதை வச்சு வெட்டிட்டு ராவெல்லாம் விரலை அமுக்கி விட்டுக்கறா, பாவம்!"